மாஸ்க் போட்ட பிறகு யோசிக்க முடியாது: ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு மாணவர் சுரங்க மீட்பு அணி

தென்னாப்பிரிக்காவுக்கு மைனிங் படிக்க வரும் நம் ஆட்கள் முதலில் பேசுவது ஆழத்தைப் பற்றித்தான். கார்லிட்டன்வில் பக்கம் உள்ள ம்போனெங் தங்கச் சுரங்கம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் ஆழம், அடியில் பாறையே 60 டிகிரிக்கு மேல் சுடும், மேலிருந்து ஐஸ் குழம்பை இறக்கித்தான் ஆள் நிற்கிற அளவுக்குக் குளிர வைக்கிறார்கள். நான் நெய்வேலிக்காரன், எங்கள் ஊரில் சுரங்கத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் வானம் தெரியும், அதனால் எனக்கும் அந்த மோகம் இருந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் முதுகலை படிக்கும்போது மாணவர் மீட்பு அணியில் சேர்ந்த பிறகுதான் வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்தது: அத்தனை ஆழத்தில் தீப்பிடித்தால் யார் உள்ளே போவார்கள், போனவர்கள் எப்படித் திரும்பி வருவார்கள்? மைனிங் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள் சிலர் அந்த அணியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்காக இது.

யார் போவார்கள் என்பதற்குப் பதில், தொண்டர்கள். இங்கே மீட்பு அணிக்காரர்களை இன்றும் ப்ரோட்டோ என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஸீப் கோர்மன் நிறுவனம் அந்தக் காலத்தில் செய்த மூச்சுக் கருவியின் பெயர் அது. அன்றாடம் சுரங்கத்தில் வேறு வேலை பார்ப்பவர்கள்தான், பயிற்சி எடுத்துத் தேறி, அழைப்பு வந்தால் கிளம்புவார்கள். எங்கள் பயிற்சியாளர் அப்படிப் பல வருடம் ஓடி ஓய்வு பெற்றவர், சோத்தோ இனத்தவர், அதிகம் பேசமாட்டார். அமெரிக்காவில் கல்லூரி அணிகள் நன்றாக வளர்ந்திருக்கின்றன, கொலராடோ ஸ்கூல் ஆஃப் மைன்ஸுக்கு ஐடஹோ ஸ்பிரிங்ஸில் எட்கர் சுரங்கம் என்று சொந்தச் சுரங்கமே உண்டு, மாணவர்கள் அங்கேயே பழகுகிறார்கள். எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. பயிற்சியாளர் மீட்பு அணிகளுக்கான அமெரிக்கப் போட்டி விதிப் புத்தகத்தை அச்செடுத்து வைத்திருந்தார், அதை வைத்துக்கொண்டு ஒரு மாதிரி சுரங்கப்பாதையிலும், அது கிடைக்காதபோது கார் நிறுத்துமிடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டும் பழகினோம்.

அணியில் கருவி மாட்டிக்கொண்டு உள்ளே போவது ஐந்து பேர்: கேப்டன், வாயு பார்ப்பவர், வரைபடக்காரர், ஸ்ட்ரெச்சர் ஆள், கடைசியில் துணைக் கேப்டன். வெளியே நல்ல காற்று உள்ள இடத்தில் இன்னொருவர் போன் லைனைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வரைபடத்தோடு உட்கார்ந்திருப்பார். எங்களில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்று பேர். டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ஒரு அண்ணன், அவர்தான் கேப்டன். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் பிறந்து வளர்ந்த ஒரு அக்கா, வரைபடம் அவர் கையில். அப்புறம் வாயு டிடெக்டரோடு நான். அக்காவின் முன்னோர்கள் வடக்கு நேட்டாலில் நிலக்கரிச் சுரங்கக் கூலிகள். 1913-ல் டிரான்ஸ்வாலிலிருந்து போன தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசி வேலைநிறுத்தம் தொடங்க வைத்தார்களே, அந்தக் கூட்டத்தில் தன் கொள்ளுத்தாத்தாவும் இருந்தார் என்று அவருடைய ஆயா சொல்வாராம். தோட்டத்துக்கு வந்தவர்கள் கதை நம் எல்லோருக்கும் தெரியும், சுரங்கத்துக்குப் போனவர்கள் கதை அவ்வளவாகத் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் பெரிய விஷயம் ஒன்றுதான், முடிவு எடுக்க வேண்டியதை எல்லாம் மாஸ்க் போடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மாஸ்க் போட்ட பிறகு எடுக்கிற முடிவு பாதிக்குப் பாதி சொதப்பும். இது பயத்தால் வருவதில்லை. நாங்கள் பயன்படுத்தியது ட்ரேகர் பிஜி 4, முதுகில் ஏறக்குறைய 15 கிலோ. நாம் விடும் மூச்சை வீணாக்காமல் சோடா லைம் வழியாக அனுப்பிக் கரியமில வாயுவை உறிஞ்சிவிட்டு, கொஞ்சம் ஆக்சிஜன் சேர்த்துத் திரும்ப நமக்கே தருகிற கருவி அது. சோடா லைம் வேலை செய்யும்போது சூடாகும், அந்தச் சூட்டோடுதான் காற்று வரும், அதைத் தணிக்க உள்ளே ஒரு ஐஸ் கட்டி வைக்கிறோம். ஐஸ் உருகிய பிறகு மூச்சு வெந்நீர் ஆவி மாதிரிதான் இருக்கும். அதோடு இந்த நாட்டுச் சுரங்கச் சூடு, ஈரம், இருட்டு, சொந்த மூச்சுச் சத்தம். அரைமணி நேரம் போனதும் ஏழும் எட்டும் கூட்டச் சொன்னால் திணறுவோம், எல்லோரும்தான், கணக்கில் கெட்டிக்காரர்களும்தான். பயிற்சியாளர் வேண்டுமென்றே நடுவில் நிறுத்தி இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பார். சிரிக்காமல் கேட்பார்.

முதல் முடிவு தாடி. மாஸ்க்கின் விளிம்பு தோலோடு ஒட்ட வேண்டும், நடுவில் முடி இருந்தால் ஒட்டாது, இதில் சலுகை கிடையாது. எங்கள் அண்ணன் சித்திரைக் காவடிக்கு நேர்ந்துகொண்டு தாடி வளர்த்துக்கொண்டிருந்தார். இங்கே நம் ஆட்கள் காவடியை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்வார்கள் என்பது டர்பன் பக்கம் ஒரு முறை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே வீட்டில் நான்கு தலைமுறையாகக் காவடி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். "தம்பி, முருகனா மாஸ்க்கானு கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார் என்னிடம். பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னோம், அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை, நேர்த்திக்கடன் முடியும் வரை வெளியே போன் லைனில் உட்காரட்டும், துணைக் கேப்டன் முன்னால் நடக்கட்டும் என்றார். எங்கள் அணிக்குக் கிடைத்த பெரிய லாபம் அது. வெளியே உட்கார்ந்திருந்தபோதுதான் உள்ளேயிருந்து வரும் பேச்சு எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று அண்ணனுக்குத் தெரிந்தது. மாஸ்க்குக்குள்ளிருந்து பேசும்போது 'இடது' என்பதும் 'வலது' என்பதும் ஒரே முனகல்தான். மொட்டையடித்து, தாடியும் எடுத்து, திரும்பக் கேப்டனாக வந்ததும் பேசும் முறையையே மாற்றினார்: முதலில் இடத்தின் எண், அடுத்து என்ன பார்த்தோம், அடுத்து வாயு அளவு, கடைசியாக என்ன செய்யப் போகிறோம், வெளியே இருப்பவர் அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த அடி. வரிசை மாறாததால் பாதி வார்த்தை விழுங்கப்பட்டாலும் வெளியே புரிந்தது. எங்களுக்குள் தமிழில் பேசவும் தடை விழுந்தது, நியாயம்தான், மற்ற மூன்று பேர் என்ன செய்வார்கள்?

மூச்சுக் கருவியைச் சோதிக்கும் கருவி மேஜையைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் சலிப்பாக நினைக்கிற இடம் அதுதான். போட்டியில் அதற்குத் தனிப் பிரிவே உண்டு. கருவிக்குள் குறைகளை ஒளித்து வைத்துக் கொடுத்துவிடுவார்கள், நேரத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் ஒன்று இருக்காது, அல்லது மூச்சை இழுக்கும் பக்கத்து வால்வுத் தகடு தலைகீழாக இருக்கும், குழாய் இணைப்பு பார்க்க மாட்டியது போலவே இருக்கும், தொட்டால் ஆடும். கண்ணால் தேடினால் கிடைக்காது. அக்காவுக்குத்தான் இதில் கை வந்தது, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் ஒரே வரிசையில் தடவிக்கொண்டே போவார், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி. ஏதாவது ஒன்றில் விரல் நிற்கும், அங்கே குறை இருக்கும். நான் என் பங்குக்குக் கற்றுக்கொண்டது இது: வரிசையை நடுவில் விட்டுவிட்டு யாராவது கூப்பிட்டதற்குப் பதில் சொன்னால், விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆக்சிஜன் கணக்கும் வெளியே போட வேண்டியதுதான். சிலிண்டர் 2 லிட்டர், 200 பார் அழுத்தம், அதாவது 400 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தானாகவே போய்க்கொண்டிருக்கும், அதனால்தான் இதை நான்கு மணி நேரக் கருவி என்கிறார்கள். கடினமாக உழைத்தால் கூடுதலாக இழுக்கும். 55 பாரில் எச்சரிக்கை ஒலிக்கும், அதைத் தொடாமல் வெளியே வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் கையில் இருப்பது 145. உள்ளே போக ஆனதைப்போல் இரண்டு மடங்கை வெளியே வருவதற்கு ஒதுக்க வேண்டும் என்பது பழைய வழக்கம், வரும்போது ஸ்ட்ரெச்சரில் ஆள் இருப்பார், நாமும் களைத்திருப்போம். 145-ஐ மூன்றால் வகுத்தால் 48 சொச்சம். ஆக, 200-ல் 48 போய் அணியில் யாராவது ஒருவருடைய மீட்டர் 152-ஐத் தொட்டால் எல்லோரும் திரும்ப வேண்டும், யாராவது ஒருவர் என்பது முக்கியம், சராசரி பார்க்கக் கூடாது. எங்களில் நிறைய ஆக்சிஜன் செலவழிப்பவர் ரக்பி ஆடும் ஸ்ட்ரெச்சர்காரர், பார்க்க யானை பலம். திரும்பும் எண்ணை ஐந்து பேர் கையுறையிலும் மார்க்கரால் எழுதிவிட்டோம். உள்ளே யாரும் வகுத்தல் போட வேண்டியதில்லை.

நடப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கேப்டன் கடப்பாரையால் கூரையையும் பக்கச் சுவரையும் தட்டிக்கொண்டே போவார், கணீரென்று கேட்டால் கெட்டிப் பாறை, பொத்தென்று கேட்டால் உள்ளே பிளவு, அந்த இடத்தில் யாரும் நிற்கக் கூடாது. ஆரம்பித்து 50 அடிக்குள் ஒரு முறை நின்று ஒருவர் கருவியை ஒருவர் பார்க்க வேண்டும், அதன் பிறகு 20 நிமிடத்துக்கு ஒரு முறையாவது. வாயு பார்க்கிற என் வேலையில் டிடெக்டரை எங்கே பிடிக்கிறோம் என்பதுதான் எல்லாம். மீத்தேன் இலேசானது, கூரையை ஒட்டி நிற்கும், கரியமில வாயு கனமானது, தரையில் தேங்கும், கார்பன் மோனாக்சைடு கிட்டத்தட்ட காற்றின் எடைதான், எங்கும் கலந்திருக்கும். மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை வெடிக்கும் என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பார்கள். 15-க்கு மேல் இருந்தால் வெடிக்காதே என்று நிம்மதி அடைகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை அணியில் வைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல காற்று கொஞ்சம் உள்ளே வந்தால் அதே இடத்தில் மீத்தேன் 15-க்குக் கீழே இறங்கி வெடிக்கும் அளவுக்கு வந்துவிடும்.

வாயுவை இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்கு இந்த நாட்டில் காரணம் இருக்கிறது. 1986 செப்டம்பரில் கின்ராஸ் தங்கச் சுரங்கத்தில் வெல்டிங் தீ சுவரில் பூசியிருந்த பாலியூரிதேன் நுரையில் பற்றிக்கொண்டது, இறந்தவர்கள் 177 பேர், பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு இல்லை, நுரை எரிந்த விஷப்புகை. பயிற்சியாளர் கின்ராஸைப் பற்றிச் சொன்ன அன்று மட்டும் நீளமாகப் பேசினார்.

போட்டி, சில கல்லூரி அணிகள் மட்டும் சேர்ந்து நடத்திய சிறிய போட்டி. நாடக மேடைப் புகை இயந்திரத்தால் பாதையை நிரப்பியிருந்தார்கள், வாயு அளவுகள் அங்கங்கே அட்டையில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். தொடங்குவதற்கு முன் சுரங்க மேலாளராக நடிக்கும் ஒருவர் நிலைமையைச் சொல்வார்: தீ, இரண்டு பேரைக் காணவில்லை. அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு உடனே ஓடுகிற அணிகள் உண்டு. நாங்கள் கேள்விப் பட்டியலை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தோம், அக்காதான் கேட்டார்: சுரங்கத்துக்குக் காற்று அனுப்பும் மின்விசிறி ஓடுகிறதா, அதற்குக் காவல் போட்டிருக்கிறீர்களா, உள்ளே மின்சாரம் துண்டித்தாயிற்றா, காணாமல் போனவர்கள் பாறை வெட்டும் எந்த முகப்பில் வேலை செய்தார்கள், அங்கே வெடிமருந்து உண்டா, புகை வராமல் தடுப்பு கட்டிக்கொள்ளப் பலகை துணி ஏதாவது இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு 'இருக்கிறது' என்று பதில் வந்தது. அப்படியென்றால் அவர்கள் தடுப்புக்குப் பின்னால் உயிரோடு இருக்கலாம். உடனே அண்ணன் கூடுதல் மூச்சுக் கருவி இரண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். கனம்தான், ஸ்ட்ரெச்சர்காரர் முணுமுணுத்தார்.

தடுப்பு இருந்தது. தட்டினோம், உள்ளேயிருந்து பதில் தட்டு வந்தது. வெளியே அட்டையில் கார்பன் மோனாக்சைடு 800 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துக்கு 800 பங்கு, கூடவே புகை. இந்த இடத்தில்தான் கை பரபரக்கும், அந்தப் பக்கம் ஆள் உயிரோடு இருக்கிறார், நடுவில் ஒரு பலகை, பிடுங்கிப் போடலாமே என்று தோன்றும். பிடுங்கினால் இத்தனை நேரம் அவர்களை உயிரோடு வைத்திருந்த நல்ல காற்றில் நாமே விஷத்தைக் கலந்துவிடுகிறோம். முன்னால் போன ஓர் அணி அதைத்தான் செய்தது, நடுவர் ஒன்றும் பேசாமல் தாளில் குறித்துக்கொண்டாராம். செய்ய வேண்டியது இது: நமக்குப் பின்னால் காற்றை மறிக்கும் பிராட்டிஸ் துணியைக் கூரை, சுவர், தரை எல்லாவற்றோடும் இறுக ஒட்டி ஒரு சின்ன அறை உண்டாக்க வேண்டும், அதற்குப் பிறகு தடுப்பை ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, கருவியோடு உள்ளே போய் உடனே மூடி, அவர்களுக்கு மாஸ்க் மாட்டி, சோதித்த பிறகே வெளியே கொண்டுவர வேண்டும். துணி தொங்கவிடுவதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகியிருந்தோம், புகையில் அப்படித்தான் செய்ய வேண்டியிருந்தது. கூடுதல் கருவி ஒன்றுதான் கொண்டுபோயிருந்தால் யாரை முதலில் கூட்டிப்போவது என்று அந்தச் சூட்டில் நின்று யோசித்திருப்போம்.

உள்ளே இருந்த இருவரில் ஒருவர் கால் உடைந்தவர், இன்னொருவர் பதற்றக்காரர், பதற வேண்டும் என்று நடுவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள் போல. என்னைப் பார்த்ததும் பாய்ந்து என் மூச்சுக் குழாயைப் பிடித்துக்கொண்டார். துணைக் கேப்டன் பக்கவாட்டில் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து, மாஸ்க்கை அவர் கையிலேயே கொடுத்து, தானே முகத்தில் வைத்துக்கொள்ளும்படி செய்தார். கையில் ஒரு வேலை கிடைத்ததும் அந்த மனிதர் அடங்கிவிட்டார். இதையும் நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம், பதறுகிறவரிடம் நேருக்கு நேர் போகக் கூடாது, ஒருவர் மட்டும்தான் பேச வேண்டும் என்று. வெளியே வந்தபோது நேரம் தாண்டியிருந்தது, அதற்குப் புள்ளி போனது, இருந்தாலும் இரண்டாம் இடம் வந்தோம். கருவி மேஜையில் அக்கா முதலிடம்.

போட்டி வேறு, நிஜம் வேறு என்பதையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் ஸ்டில்ஃபோன்டெய்னில் கைவிடப்பட்ட சுரங்கத்தில் மாதக்கணக்காகச் சிக்கிக் கிடந்தவர்களை மேலே கொண்டுவந்தபோது 246 பேர் உயிரோடு வந்தார்கள், 78 உடல்கள் வந்தன. இயந்திரமும் கூண்டும் மீட்பு நிறுவனத்தினுடையது, கூண்டில் முதலில் இறங்கியவர்கள் பக்கத்துக் குடியிருப்பைச் சேர்ந்த இரண்டு சாதாரணத் தொண்டர்கள். அதைப் பற்றி எங்கள் அணிக்குள் காரசாரமாக வாக்குவாதம் வந்தது, யார் இறங்குவது, யார் உத்தரவு போடுவது, அத்தனை மாதம் ஏன் ஆனது என்று. விதிப் புத்தகத்தில் அதற்கெல்லாம் பதில் இல்லை.

சேர நினைப்பவர்களுக்குச் சில்லறை விஷயங்கள். முதலில் மருத்துவச் சோதனை, இந்த நாட்டில் சூடு தாங்கும் சோதனையும் வைப்பார்கள், சூடான அறையில் படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், உடம்புச் சூடு வரம்பைத் தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஜிம் உடம்பு இதில் உதவும் என்று நம்பாதீர்கள். முந்தின நாளே தண்ணீர் குடிக்க ஆரம்பியுங்கள், காலையில் ஒரே மூச்சாகக் குடித்தால் பயனில்லை. பயிற்சிக்கு முன் பன்னி சௌ, அதாவது ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு நிரப்பித் தருவது, சாப்பிட்டுவிட்டு வந்த ஒருவரை எங்களுக்குத் தெரியும், மாஸ்க்குக்குள் மட்டன் ஏப்பம் என்றால் என்னவென்று அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புரட்டாசி விரதம் இருந்தால் பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள், சைவம் பிரச்சினை இல்லை, ஒருபொழுது இருந்துகொண்டு கருவி மாட்டுவதுதான் பிரச்சினை. கண்ணாடி போடுகிறவர்கள் மாஸ்க்குக்குள் பொருத்தும் சட்டம் கேட்டு வாங்குங்கள், காதில் மாட்டும் கண்ணாடி விளிம்பில் காற்று கசியும்.

பயிற்சி முடிந்ததும் எல்லோருக்கும் குளிக்கப் போக அவசரம் இருக்கும். அதற்கு முன் பழைய சோடா லைமைக் கொட்டி, குழாய்களையும் மூச்சுப் பையையும் கிருமிநாசினியில் கழுவித் தொங்கவிட்டு, சிலிண்டரை நிரப்பக் கொடுத்து, ஐஸ் அச்சில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்து, குழாய்கள் காய்ந்ததும் கருவியை மாட்டி, கசிவு சோதித்து, தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை நிற்க முடியாது, பஸ் போய்விடும் என்று சொல்பவர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் எங்கள் பயிற்சியாளர் அடுத்த முறை அவருக்குக் கருவி கொடுக்கமாட்டார்.